வாட்டம் விட்டுக் கட்டுவோம்

‘பார்’ என்ற சொல்லுக்கு உலகம் என்று பொருள் சொல்லிப் பழகியவர்கள் நாம். இன்று அச்சொல்லைச் சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். உயரமான மேடை, அதன் முன்னே உயரமான முக்காலிகள், பின்னே வரிசையாகக் குப்பிகள் என இவையே இன்று எல்லார் மனக்கண்ணிலும் தோன்றுகின்றன. ஆங்கிலத்தில் அச்சொல் குறுக்குச் சட்டத்தைக் குறிப்பது. ஊற்றிக் கொடுப்பவனுக்கும் வாங்கிக் குடிப்பவனுக்கும் நடுவே நின்ற தடுப்பின் பெயரே, பிறகு மேடைக்கும் அம்மேடை இருந்த கடைக்கும் பெயராயிற்று. நான் எழுத வந்ததும் ஒரு தடுப்பைப் பற்றித்தான். வரைபவருக்கும் கட்டுபவருக்கும் இடையே நம் நாட்டில் எழுந்து நிற்கும் தடுப்பு அது.

என் தந்தையார் கொத்தனார். இந்த ஒரு வரியை நம் சங்க இதழில் எழுத எனக்கு ஐந்து ஆண்டுகள் ஆயின.

எங்கள் ஊர் நெல்லைச் சீமையில் அம்பாசமுத்திரத்துக்கு அருகே உள்ளது. எனக்கு நான்கு வயதாயிருந்தபோது அப்பா வேலை தேடித் திருவனந்தபுரம் வந்தார். சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் குடும்பம் வேர்விட்டது. கரணை, தூக்குக்குண்டு, ரசமட்டம், மூலைமட்டம் இவற்றோடு அவர் காலையில் புறப்படுவார். மாலையில் சாந்து படிந்த கால்களோடு திரும்புவார். அந்தக் கூலியில் நான் இளங்கலை முடித்து, இன்று இயற்பியலில் முதுகலை படிக்கிறேன். ‘அப்பாவுக்கு என்ன வேலை?’ என்று தோழர்கள் கேட்டபோதெல்லாம் ‘கட்டிடத் துறை’ என்று சொல்லி நழுவியிருக்கிறேன். அது பொய்யன்று, ஆயினும் உண்மையும் அன்று.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், கோடை விடுமுறையில், நகரின் எல்லையில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் அப்பாவுக்கு வேலை கிடைத்தது. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்து திரும்பியவர். மாலையில் நண்பர்கள் வந்தால் திறந்தவெளியில் அமர்ந்து பேச ஒரு பார் கவுண்டர் வேண்டும் என்பது அவர் ஆசை. அங்கே எதை அருந்துவார்கள் என்பது இக்கட்டுரையின் கவலையன்று. மனிதர் கூடிப் பேச ஓர் இடம் வேண்டும் என்னும் ஆசை நல்ல ஆசையே. கைப்பேசியில் அவர் ஒரு படம் காட்டினார். வறண்ட நாடு ஒன்றின் படம் அது. அதைப் பார்த்து ஒரு நிறுவனத்தார் வரைபடம் போட்டுத் தந்திருந்தார்கள். சித்தாள் கூலி மிச்சமாகட்டும் என்று நானும் அப்பாவோடு சென்றேன். அளவு நாடாவின் மறுமுனை என் கையில் இருந்தது.

வரைபடத்தைப் பார்த்ததும் அப்பா தலையைச் சொறிந்தார். மேடை மேற்கு நோக்கி இருந்தது. மாலையில் அமர்வோர் கண்ணில் வெயில் அடிக்கும், ஆனி ஆடியில் கடற்பக்கத்துச் சாரல் நேரே உள்ளே வரும். கூரை தட்டையான கண்ணாடி; இறவாரம் ஒரு சாண்கூட இல்லை. மேற்கல் துளியும் சரிவின்றி மட்டமாக இருந்தது. முகப்பில் பலகை தரைவரை இறங்கி மண்ணைத் தொட்டது. பத்தொன்பது ஆண்டுகளில் பழகிய தம் கலப்பு மலையாளத்தில் அப்பா இந்த நான்கையும் பணிவாகச் சொன்னார். வரைந்தவர், ‘வரைந்ததைக் கட்டினால் போதும், மேஸ்திரி’ என்றார்.

நான் அங்கே நின்றேன். அப்பா சொன்ன நான்கும் இயற்பியல் என்பது எனக்குத் தெரியும். மட்டமான கல்லில் நீர் தேங்கும். விளிம்பைத் தாண்டிய நீரோ நேரே கீழே விழாது; பரப்பு இழுவிசையால் கல்லின் அடிப்புறத்தைப் பற்றிக்கொண்டு உள்ளே ஊர்ந்து பலகையை நனைக்கும். கல்லின் அடியில் விரலகலம் ஒரு காடி வெட்டினால் துளி அதைத் தாண்ட மாட்டாமல் விழுந்துவிடும். கண்ணாடிக் கூரை வெயிலை உள்ளே விடும். சூடேறிய தரை திருப்பிவிடும் வெப்பத்தை வெளியே விடாது. திருவனந்தபுரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டரைப் பாகையில் இருப்பதால், ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் இறுதியிலும் நண்பகல் ஞாயிறு ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேரே நிற்கும். இவையெல்லாம் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். ஆயினும் அன்று வாய் திறக்கவில்லை. வாய் திறந்தால், ‘நீ யார்?’ என்ற கேள்வி வரும். ‘கொத்தனார் மகன்’ என்று விடை சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு அஞ்சினேன்.

அன்றிரவு சோறு உண்ணும்போது அப்பா ஒன்றே ஒன்று சொன்னார்: “எய்யா, ஆள ஏமாத்தலாம். மழைய ஏமாத்த முடியாதுல்லா.”

ஜூனில் மழை வந்தது. கல்லின்மேல் நீர் குளமாய் நின்றது. பலகை உப்பி, ஏடு ஏடாகப் பிரிந்தது. பிரிந்த இடத்தில் கரையான் ஏறிற்று. ஓணத்துக்குள் அந்த மேடையருகே யாரும் செல்வதில்லை என்றாயிற்று. பழி யார்மேல் விழுந்தது என்று நான் சொல்லவும் வேண்டுமோ? ‘மேஸ்திரி வேலை சரியில்லை’ என்றார்கள். மீதிக் கூலி 18,000 ரூபாய் நின்றுபோயிற்று. அப்பா மூன்று முறை சென்று கேட்டார். மூன்றாம் முறை நானும் உடன் சென்றேன். வெறுங்கையோடு திரும்பினோம்.

தம்பானூரில் பேருந்தைவிட்டு இறங்கியதும், “வா, காப்பி குடிச்சிட்டுப் போவோம்” என்றார் அப்பா. பேருந்து நிலையத்தின் பக்கத்திலேயே செங்கல்லால் ஆன ஒரு சுருள் கோபுரம் நிற்கிறதன்றோ, அந்த இந்தியன் காப்பி ஹவுசுக்குள் நுழைந்தோம். நம்மில் பலர் அங்கே பீட்ரூட் மசாலா தோசை தின்றவர்களே. ஆயினும் கட்டிடத்தை நிமிர்ந்து பார்த்தவர் எத்தனை பேர்?

அந்தக் கட்டிடத்தில் மாடிப்படி கிடையாது, மாடியும் கிடையாது. நடுவே ஒரு வட்டத் தண்டு. அதைச் சுற்றி ஒரே தரை, மலைப்பாதை போலச் சரிந்து சரிந்து மேலே ஏறிச் செல்கிறது. வெளிச்சுவரை ஒட்டிக் கட்டிடத்தோடு கட்டிடமாகவே மேசைகளும் இருக்கைகளும் அமைந்திருக்கின்றன. இழுக்கவும் வேண்டா, உடையவும் உடையா. சுவரில் செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கிய துளைவரிசைகள் வழியே வெளிச்சமும் காற்றும் வருகின்றன. பெரிய சன்னல் இல்லை, கண்ணாடி இல்லை. சிறிய மனை, பரபரப்பான தெரு, வந்தவர் உண்டு எழுந்து பேருந்துக்கு ஓட வேண்டும். இந்த இடத்துக்கென்றே, இந்தப் பயனுக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை அது.

அப்பா மேசையைத் தடவிப் பார்த்தார். பிறகு குனிந்து கோப்பையில் இருந்த காப்பியையே சிறிது நேரம் பார்த்தார். தரை சரிந்திருக்கிறது, காப்பியோ கோப்பை விளிம்புக்குச் சரிசமமாக நிற்கிறது. சரியும் தரையின்மேல் ஒவ்வொரு மேசையையும் தனித்தனியே மட்டம் பிடித்து நிறுத்துவது எளிதன்று. காப்பியையே ரசமட்டமாகக் கொண்டு அவர் அதைச் சோதித்துவிட்டார்.

“இதக் கட்டினவன் நல்ல வேலைக்காரன். யாருய்யா?” என்று கேட்டார்.

“லாரி பேக்கர், அப்பா” என்றேன், தெரிந்ததைச் சொல்லும் பெருமையோடு.

“அவரு வரைஞ்சவரு. கட்டினது யாரு?”

விடை எனக்குத் தெரியவில்லை.

லாரி பேக்கரைப் பற்றி நான் அறிந்ததை இங்கே சொல்வது முறை. 1917இல் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் பிறந்தவர் அவர். அங்கேயே கட்டிடக் கலை பயின்று 1937இல் தேர்ந்தார். 1945இல் தொழுநோயாளர் பணிக்காக இந்தியா வந்தார். கேரளத்தைச் சேர்ந்த மருத்துவர் எலிசபெத்தை 1948இல் மணந்தார். இமயத்தின் அடியில் பித்தோராகட் மலைப்பகுதியில் இருவரும் நெடுங்காலம் மருத்துவமனை நடத்தினர். தாம் கற்ற கல்வி அங்குள்ள மண்ணுக்கும் கல்லுக்கும் சாணத்துக்கும் விடை சொல்லவில்லை என்று கண்டார் பேக்கர். எழுத்தறியாத மலைவாழ் மக்களோ அந்தப் பொருள்களைக் கொண்டே குளிருக்கும் மழைக்கும் ஏற்ற வீடு கட்டி வாழ்ந்தார்கள். அவர்களிடம் மாணவராக அமர்ந்தார். பின்பு கேரளம் வந்து திருவனந்தபுரத்தில் நிலைத்தார். உள்ளூரில் வளர்ச்சி ஆய்வு மையத்தின் கட்டிடங்களையும், நாலாஞ்சிறையில் தம் இல்லத்தையும், எண்ணற்ற எளியோர் வீடுகளையும் கட்டினார். 1990இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2007 ஏப்ரல் 1ஆம் நாள் இந்நகரிலேயே மறைந்தார்.

அவர் வேலை செய்த முறையே நமக்குப் பாடம். மனையில் நின்று, கையில் கிடைத்த தாளில் கோடு போடுவார். அங்கே மரம் இருந்தால் சுவர் வளையும். பாறை இருந்தால் தரை உயரும். ஒப்பந்தக்காரரை இடையில் வைக்காமல் கொத்தரோடு நேரே பேசி, காட்டி, திருத்திக் கட்டினார். செங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்துவாட்டில் நிறுத்தி, உள்ளே வெற்றிடம் விட்டு எழுப்பும் எலிப்பொறிக் கட்டை இங்கே பரப்பினார். அதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சம். உள்ளே அடைபட்ட காற்று வெப்பத்தையும் தடுக்கும். அவர் வட்டச்சுவரை விரும்பியதிலும் கணக்கு இருக்கிறது. ஒரே நீளச் சுவரைச் சதுரமாகக் கட்டுவதைவிட வட்டமாகக் கட்டினால் 27 விழுக்காடு அதிக இடம் அடங்கும். இதை நீங்களே ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம்.

காப்பி ஹவுசில் இன்னொரு தடுப்பும் உடைந்திருக்கிறது. காப்பி வாரியம் நடத்திவந்த கடைகள் 1950களில் மூடப்பட்டு ஊழியர்கள் வேலை இழந்தபோது, ஏ. கே. கோபாலன் அவர்களை ஒன்றுதிரட்டிக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கத் தூண்டினார். 1957இல் பெங்களூரில் முதற் சங்கம். 1958இல் கேரளத்தில் திருச்சூரில் முதற் கடை. விசிறித் தலைப்பாகை கட்டிக் காப்பி கொண்டுவரும் அந்தத் தொழிலாளியே கடையின் உரிமையாளர்களில் ஒருவர். ஊற்றிக் கொடுப்பவனே உடையவனாக இருக்க முடியும் என்றால், கட்டுபவனே வரைபவரோடு அமர முடியாதா?

குறையே இல்லாத கட்டிடம் என்று நான் சொல்ல மாட்டேன். மேற்சுற்றில் அமர்ந்தவருக்குக் காப்பி கொண்டுசெல்பவர் நாள் முழுதும் சரிவில் ஏறி இறங்க வேண்டும். நியூயார்க்கில் பிராங்க் லாயிட் ரைட் வடித்து 1959இல் திறக்கப்பட்ட குக்கன்ஹைம் கலைக்கூடமும் இத்தகைய சுருள்சரிவே. சரியும் தரையில், சாய்ந்த சுவரில் ஓவியத்தை எப்படித் தொங்கவிடுவது என்று ஓவியர்களே குறை கூறினார்கள். பயன்படுத்துவோர் கால்வலி வரைபடத்தில் தெரியாது. அதனால்தான் கேட்டறிய வேண்டும் என்கிறேன்.

கேட்டறிதல் எப்படி என்பதை அடுத்த தை மாதம் அப்பா எனக்குக் காட்டினார். கழக்கூட்டம் செல்லும் சாலையோரம் தட்டுக்கடை வைத்திருந்த ஒரு சேட்டன், தம் சொந்த மனையின் முகப்பில் நிலையான மேடை ஒன்று கட்டித் தரச் சொன்னார். வரைபடம் இல்லை. அப்பா அவரை வெறுந்தரையில் நிற்க வைத்து, “டீ ஆத்துங்க” என்றார். அவர் காற்றிலேயே இரு குவளைகளை வைத்து ஆற்றிக் காட்டினார். முழங்கை நின்ற உயரத்தைச் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கழியில் குறித்தார் அப்பா. 41 அங்குலம். அதற்கு 4 அங்குலம் தாழ்த்தி வேலைமேடை வைத்தார். நின்றபடி குடிப்போர் குவளை வைக்க வெளிப்புறம் 42 அங்குலத்தில் தனிப்பலகை.

அங்கும் சாலை மேற்கேதான். கடையைத் திருப்ப வழியில்லை. ஆகவே பழைய மங்களூர் ஓட்டுக் கூரையை 3 அடி முன்னே நீட்டி, விளிம்பை ஆறரை அடி வரை தாழ்த்தினார். வெயிலும் சாரலும் அந்த விளிம்போடு நின்றன. மேற்கல்லுக்கு அடிக்குக் கால் அங்குலம் வாட்டம், கடைக்காரர் பக்கமாக. சிந்திய நீர் வாங்குவோர் வேட்டியில் வடியாமல் உட்புறச் சாக்கடைக்குப் போகும். கல்லின் அடியில் காடி. சுவர் எலிப்பொறிக் கட்டு. அந்த மேடை தென்மேற்கும் வடகிழக்குமாக இரண்டு பருவமழைகளைப் பார்த்துவிட்டது. இன்றும் நம் விடுதி மாணவர் பலர் மாலையில் அதில்தான் முழங்கை ஊன்றி அரசியல் பேசுகிறார்கள்.

கொத்தனார் சொல்வதெல்லாம் வேதம் என்று நான் வாதாடவில்லை. சிமெண்டு கூடினால் வலுவும் கூடும் என்பது அப்பாவின் நெடுநாள் நம்பிக்கை. செங்கல் கட்டுக்கு ஒன்றுக்கு மூன்று என்று கலவை போட்டால், காயும்போது சாந்து அதிகம் சுருங்கிக் கோடு கோடாக வெடிக்கும். இத்தகைய சிறு சுவருக்கு ஒன்றுக்கு ஆறு போதும். அதை நான் சொன்னேன். முதலில் முறைத்தார். பிறகு ஒரு சிறு சுவரில் செய்து பார்த்தார், ஏற்றுக்கொண்டார். ஏழு நாள் விடாமல் தண்ணீர் ஊற்றி நனைக்க வேண்டும் என்பதையும் கடைக்காரரிடம் நானே சொல்லி, தினமும் போய்ப் பார்த்தேன். புத்தகம் கையிடம் கற்கிறது. கையும் புத்தகத்திடம் கற்கிறது. இருவரும் ஒரே இடத்தில் நின்றால்தான் இது நடக்கும். ஒருவர் குளிர்ந்த அறையிலும் மற்றவர் வெயிலிலும் இருந்தால் எவ்வாறு நடக்கும்?

ஆகவே மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, வீடாயினும் கடையாயினும் தோட்டத்து மேடையாயினும், வரைபடம் முடிவாகுமுன் அதைக் கட்டப்போகும் கொத்தனாரை ஒரு முறையாவது மனையில் நிறுத்தி, ‘மழை எந்தப் பக்கம்? நீர் எங்கே போகும்?’ என்று கேளுங்கள். ஒரு நாள் கூலிதான் செலவு. கேட்காமற் போனதற்கு ஆன செலவை மேலே பார்த்தோம். அவர் சொன்னதை மறுப்பதானால், மறுத்தவர் அதன் விளைவுக்கும் பொறுப்பேற்கட்டும்.

இரண்டாவது, கட்டியவர் பெயரையும் கல்லில் பொறியுங்கள். 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டில் குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன் என்ற பெயர் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பேரரசன் செய்ததை, இன்று திறப்பு விழாவுக்குப் பளிங்குக் கல் பதிக்கும் நாம் செய்யலாகாதா? எங்கள் அப்பாவின் கேள்விக்கு அப்போது ஒரு விடை இருக்கும்.

மூன்றாவது கோரிக்கை நம் சங்கத்துக்கு. நாம் ஆண்டுதோறும் பட்டிமன்றம் நடத்துகிறோம். கலைச்சொல் இல்லை என்று வருந்துகிறோம். வாட்டம், மட்டம், காடி, தூக்கு, சாந்து, வானம் தோண்டுதல், இறவாரம் எனக் கொத்தர் வாயில் வாழும் சொற்கள் எத்தனை! இந்நகரில் கரணை பிடிக்கும் தமிழர் பலர் நம் பக்கத்துத் தெருக்களில்தான் குடியிருக்கிறார்கள். அடுத்த விடுமுறையில் ஐந்து பேர் குறிப்பேட்டோடு வாருங்கள். வேலைத்தளத்துக்கு அழைத்துச் செல்வது என் பொறுப்பு. சேர்த்த சொற்களை இவ்விதழிலேயே வெளியிடுவோம்.

‘வாட்டம்’ என்றால் சோர்வு என்றும் பொருள் உண்டு. கொத்தர் வழக்கில் அது நீர் ஓடுவதற்கென விடும் சரிவு. வாட்டம் விடாமல் கட்டிய மேடையால் எங்கள் வீட்டில் மற்ற வாட்டம் வந்து சில மாதம் தங்கியிருந்தது. அந்த 18,000 ரூபாய் இன்றுவரை வரவில்லை. அந்த ஆண்டு நான் கட்ட வேண்டிய கட்டணத்துக்கு அம்மாவின் வளையல் அடகுக்குப் போயிற்று. அப்பா அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அன்று தோட்டத்தில் நான் ஏன் பேசாமல் நின்றேன் என்றும் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு எளிதாயிருந்திருக்கும்.

இக்கட்டுரை அச்சேறியதும் முதற்படியை அவருக்கே படித்துக் காட்டப்போகிறேன். அடுத்த முறை அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிக்கும்போது நான் பேசாமல் நிற்க மாட்டேன்.